சில்விக்குப் போர்த்திய துண்டு

ஹெல்கா நிஸ்கலாவைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொல்லியிருந்தால், குளிர்நாட்டு நகரமான டாம்பரேயில் அவளைத் தெரிந்த ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஜனவரி மாதத்தில் ஏரியின் பனிக்கட்டியை வெட்டித் திறந்த குழியில் இறங்கி, சாவகாசமாக நீந்திவிட்டு, கரையில் நின்று செருப்பைத் தேடுகிற பெண் அவள். பள்ளிக்கூடச் சமையலறையில் பல வருடமாக வேலை. பிள்ளைகள் வரிசையில் நின்று எவ்வளவு கத்தினாலும் அவள் கையிலிருக்கும் கரண்டி தடுமாறாது. ஒருமுறை காட்டுச் சாலையில் காருக்கு முன்னால் கடமான் வந்து மறித்துக்கொண்டது. மற்றவர்களாக இருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவள் கண்ணாடியை இறக்கி, "நகரு, நகரு, எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று அதட்டினாளாம். அவளுடைய தம்பி இதைச் சொல்லாத கிறிஸ்துமஸ் கிடையாது.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஐம்பத்து நாலாவது வயதில் பயம் வந்தது. ஏப்ரன் பைக்குள் போன் அதிர்ந்தாலே போதும். வியாழக்கிழமை வழக்கமான பட்டாணி சூப்பை ஊற்றிக்கொண்டிருப்பாள். போன் ஒரு நடுங்கு நடுங்கும். தட்டுக்குப் போக வேண்டிய சூப் எதிரில் நிற்கிற பிள்ளையின் சட்டைக் கைக்குப் போகும். எடுத்துப் பார்த்தால் பல் டாக்டரிடமிருந்து வந்த நினைவூட்டலாக இருக்கும். ஆனாலும் படபடப்பு அடங்குவதற்குள் பாத்திரமெல்லாம் கழுவி முடிந்திருக்கும்.

எதற்கு இந்தப் பயம் என்று கேட்டால் வாய்விட்டுச் சொல்லவே அவளுக்குக் கூச்சம். யாரும் மிரட்டவில்லை, கதவைத் தட்டவில்லை. உலகத்தில் பாதிப் பேர் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிற ஒரு படத்தளம். அதில் அவள் பன்னிரண்டு வருடமாகப் போட்டுவந்த ஓவியங்கள். 'இன்னொரு முறை விதியை மீறினால் உங்கள் கணக்கு நிரந்தரமாக நீக்கப்படும்' என்று ஓர் அறிவிப்பு. அவ்வளவுதான். போனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே என்று சொல்வது சுலபம். நீங்கள் இத்தனை வருடம் படம் மாட்டி வைத்திருக்கிற சுவருக்கு யாரோ ஒரு சொந்தக்காரன் இருக்கிறான், அவன் முகத்தை ஒருவரும் பார்த்ததில்லை, எந்த நிமிடமும் இடித்துவிடுவேன் என்கிறான் என்றால், சாப்பாடு எப்படி இறங்கும்?

அவள் வரைந்தது சவுனாப் பெண்களை. அவள் குடியிருக்கும் பக்கத்தில், ரயில் பாதைக்குக் கீழே, விறகு எரிக்கிற பழைய பொதுச் சவுனா, நீராவிக் குளியலறை, ஒன்று உண்டு. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பெண்கள் அங்கே கூடுவார்கள். உடுப்பைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டால் பிறகு யார் டாக்டர், யார் தெருக்கூட்டுகிறவள் என்று தெரியாது. மேல் பலகையில் வெறும் உடம்போடு வரிசையாக உட்கார்ந்து, அடுப்பின் மேல் காய்ந்து கிடக்கும் கற்களில் தண்ணீரை வீசி, ஆவி வந்து முதுகைக் கடிக்கும்போது ஒரு பெருமூச்சு விடுவார்கள். துண்டெல்லாம் வெளி முற்றத்துக்கு. அங்கே ஆண்களும் பெண்களும் கலந்து உட்கார்ந்து ஆறும்போது சுற்றிக்கொள்வதோடு சரி. உள்ளே துண்டோடு ஏறுவது வெளியூர்க்காரர்கள் செய்கிற வேலை. அப்படி யாராவது வந்தால் இவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பாவம், பழக்கமில்லை என்று கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பார்கள்.

ஹெல்கா உள்ளே பேப்பர் கொண்டுபோவதில்லை. ஆவியில் ஊறிப்போகும். போனும் அங்கே கூடாது. எல்லாவற்றையும் கண்ணாலேயே எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய், ஈரத் தலையோடு சமையல் மேசையில் உட்கார்ந்து கரியால் வரைவாள். வயிற்று மடிப்பு, பிரசவத் தழும்பு, முழங்காலுக்குப் பின்னால் நரம்பு முடிச்சு, வயதாகித் தொங்கிப்போன மார்பு, ஆவிக்குக் குனிந்த கழுத்து. அந்தப் பெண்கள் அவளுக்கு ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தார்கள். படத்தை முதலில் அதில் இருக்கிறவள் பார்க்க வேண்டும். அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் படம் சவுனா அடுப்புக்குள் போகும். அதற்கப்புறம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

அடுப்புக்குப் போன படங்கள் ரொம்பக் குறைவு. மிர்யாவின் படம் போனது மட்டும் எல்லோருக்கும் தெரியும். மிர்யா சந்தைக் கூடத்தில் மீன் விற்று ஓய்வு பெற்றவள். குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"என்னடி இது? எனக்கு எத்தன தாடை போட்டிருக்க?"

"ரெண்டு."

"மூணுடி! நாப்பது வருஷமா வெண்ணெய் தின்னு வளத்தது. பரிதாபப்பட்டு ஒண்ணக் கொறச்சிட்டியா? தூக்கிப் போடு அடுப்புல."

போட்டாள். அடுத்த வாரம் மூன்று தாடையோடு வரைந்து வந்ததை மிர்யா சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினாள்.

இந்தப் படங்களைத்தான் ஹெல்கா தளத்தில் போட்டாள். முதலில் தம்பியும் சமையலறைத் தோழிகளும் பார்த்தார்கள். பிறகு போர்ச்சுகலிலிருந்து ஒருத்தி, ஜப்பானிலிருந்து ஒருத்தி என்று வந்து, கடைசியில் முப்பதாயிரம் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். 'பிள்ளை பெற்ற பிறகு கண்ணாடி முன்னால் நிற்காமலே இருந்தேன், உன் படங்களைப் பார்த்துவிட்டு நேற்று நின்றேன்' என்று யாரோ ஒரு பெண் எழுதியதை அவள் சவுனாவில் சொன்னபோது, மிர்யாகூட அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். அந்த ஊர்க் கலைக்கூடங்கள் எதுவும் ஹெல்காவை எட்டிப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் சூப் ஊற்றுகிறவள் ஓர் ஓவியர் என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சி அந்தத் தளம்தான்.

முதல் படத்தை நீக்கியபோது சிரிப்பாகத்தான் இருந்தது. மிர்யா வாளியைத் தூக்குவதைப் பின்பக்கமிருந்து பார்த்து வரைந்தது. நீக்கியதற்குத் தளம் சொன்ன காரணம், பாலுறவுக்கு அழைப்பு. வெள்ளிக்கிழமை அதைக் கேட்டு மேல் பலகையே குலுங்கியது.

"கடைசில ஒருத்தனாவது புரிஞ்சிக்கிட்டானே!" என்றாள் மிர்யா. "என் அட்ரஸ் குடுத்தியா அவனுக்கு?"

"அவன் மனுஷன் இல்ல மிர்யா. மிஷின்."

"என் வயசுக்கு மிஷினே போதும்டி."

இரண்டாவது படமும் மூன்றாவது படமும் போனபோது சிரிப்பு குறைந்தது. ஓவியம் என்றால் பரவாயில்லை என்று விதிப் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது. ஹெல்கா அதைப் படித்துப் படித்து மனப்பாடமே செய்துவிட்டாள். எழுதியவனுக்கும் நீக்குகிறவனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது போலிருக்கிறது. மேல்முறையீடு என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்திவிட்டு விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது: பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை. யார் பரிசீலித்தார்கள்? எந்த ஊரில் உட்கார்ந்து? நேரில் போய்ச் சண்டை போடலாம் என்றால் போவதற்கு ஒரு வாசல்கூட இல்லை. கடமானையாவது கண்ணாடியை இறக்கி அதட்ட முடிந்தது.

பிறகு ஒன்றையும் நீக்காமலே தளம் அவளை ஒளித்து வைத்தது. ஆயிரக்கணக்கில் பார்த்த இடத்தில் விரல்விட்டு எண்ணும்படி ஆனது. பெர்கன் நகரத்தில் சிலை செய்கிற ஒரு பெண் அவளுக்குத் தளத்தின் வழியாகவே பழக்கம். அவளுடைய கணக்கு ஒரு காலையில் மறைந்துபோனது. "காபி ஊத்தும்போது இருந்துச்சு ஹெல்கா, குடிச்சு முடிக்கும்போது இல்ல" என்று போனில் அழுதாள். அழுது முடித்ததும் தப்பிக்கும் வித்தைகளைச் சொல்லிக் கொடுத்தாள். தோலுக்கு நீலம் பூசு, மிஷினுக்குப் பிடிபடாது. கழுத்தோடு வெட்டிவிடு. முலைக்காம்பு இருக்கிற இடத்தில் ஆவியைக் கூட்டு. ஹெல்கா எல்லாவற்றையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டாள். ஒருமுறைகூடக் கேள்வி கேட்கவில்லை என்பது பின்னால்தான் அவளுக்கே உறைத்தது.

இந்த நேரத்தில்தான் சில்வி தன்னைப் பெரிதாக வரையச் சொன்னாள்.

சில்விக்கு எழுபத்தாறு வயது. நகரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவள். அவளையும் எல்லோரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், நீ என்றுதான் பேசுவார்கள், அந்த ஊர் வழக்கம் அது. மூன்று வருடத்துக்கு முன்னால் புற்று என்று அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். தையல் ஆறியதும் வந்த முதல் வெள்ளிக்கிழமை, எப்போதும்போல உடுப்பை ஆணியில் மாட்டிவிட்டு, நெஞ்சில் கோணலாக ஓடிய சிவந்த தழும்போடு மேல் பலகைக்கு ஏறினாள். மிர்யா இடம் கொடுத்து, "பாரம் கொறஞ்சிடுச்சில்ல, இன்னும் ஒரு படி மேல ஏறு" என்றாள். சில்வி சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு அந்த விஷயம் முடிந்தது. தழும்பு என்பது முற்றத்தில் நிற்கிற பிர்ச் மரம் மாதிரி, இருக்கிற பொருள்களில் ஒன்றாக ஆகிவிட்டது.

"கரில வேணாம். பெயின்ட்ல வரை. கதவு சைஸுக்கு," என்றாள் சில்வி. "முப்பது வருஷம் இந்த ஊரையே ஏத்திக்கிட்டுப் போனேன். ஒவ்வொருத்தரும் என் பின்னந்தலையத்தான் பாத்திருக்காங்க. ஒருதரமாவது முன்னாடி பாக்கட்டும்."

"தழும்போடயா?"

"பின்ன? இது இல்லாட்டி அது நானா? ஆபரேஷன் ஆனவளுங்க எத்தன பேரு வீட்டுக்குள்ளயே கதவச் சாத்திக் குளிச்சிக்கிட்டுக் கெடக்காளுங்க. அவளுங்க கண்ணுல படணும். அதுக்குத்தானே நீ அந்தப் போன்ல போடற?"

குளிர்காலம் முழுக்க ஹெல்கா அதை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தாள். அவள் வாழ்க்கையிலேயே நன்றாக வந்த படம் அதுதான். சில்வி மேல் பலகையில் இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்கிற தோரணையில் நேராகப் பார்க்கிறாள். வலது மார்பு, இடது பக்கம் தழும்பு, இரண்டின் மேலும் ஒரே வெளிச்சம். படம் காய்ந்துகொண்டிருக்கும்போதுதான் அந்தக் கடைசி அறிவிப்பு வந்தது. இத்தனைக்கும் அவள் புதிதாக ஒன்றும் போடவில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் போட்ட ஒரு முதுகைத் தோண்டி எடுத்து நீக்கியிருந்தார்கள். இன்னொரு முறை என்றால் நிரந்தரம்.

அன்றிலிருந்து பயம் கைக்குள் இறங்கியது. முன்பெல்லாம் கரித்துண்டு கழுத்திலிருந்து தோளுக்குத் தானாக இறங்கும். இப்போது மார்புக்கு மேலே வந்ததும் நின்றது. கையைக் குறுக்கே வைக்கலாமா, முடியை முன்னால் விடலாமா என்று யோசித்தது. வரைந்து முடித்த பழைய படங்களை எடுத்து, எது மிஷினிடம் மாட்டும், எது தப்பும் என்று பிரித்துப் பார்த்தாள். முப்பதாயிரம் பேர் ஒரே நாளில் கதவைச் சாத்திக்கொண்டு போகிற காட்சி பாத்திரம் கழுவும்போதும் வந்தது, டிராமில் நிற்கும்போதும் வந்தது.

அதைவிட மோசமாக ஒன்று நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சில்வி எதிர்ப் பலகையில் ஏறி உட்கார்ந்தாள். ஹெல்கா நிமிர்ந்து பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் 'இது மாட்டும்' என்று உள்ளே ஒன்று சொன்னது. பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டவள் செய்வதைப்போல முகத்தைச் சட்டென்று திருப்பிக்கொண்டாள். பன்னிரண்டு வருடமாக அந்தப் பலகையில் எந்த உடம்பும் அவளுக்கு அசிங்கமாகத் தெரிந்ததில்லை. எழுந்து வெளியே போய் முற்றத்துப் பனியில் வெறுங்காலோடு நின்றாள். தன் கண்ணுக்குப் பின்னால் வேறு யாரோ குடிவந்துவிட்டதைப்போல ஒரு பீதி பிடித்துக்கொண்டது. சில்வி கவனித்தாளா என்று தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

அந்த வாரமே துர்க்கு நகரத்திலிருந்து செசிலியா என்கிற பெண் கூப்பிட்டாள். அங்கே ஒரு கலைக்கூடம் நடத்துகிறவள். ஹெல்காவின் படங்களைத் தளத்தில் பார்த்துவிட்டு, வசந்த காலத்தில் கண்காட்சி வைப்பதாகச் சொல்லியிருந்தாள். ஹெல்காவுக்கு வாழ்க்கையில் முதல் கண்காட்சி. சில்வியின் படம் நடுச் சுவரில்.

"எங்க கூடம் சின்னது ஹெல்கா. உங்க முப்பதாயிரம் பேர நம்பித்தான் கதவையே தொறக்கறோம். அந்தப் பெரிய படத்த இந்த வாரமே போட்டுடுங்க. அப்புறம், தப்பா எடுத்துக்காதீங்க, தெறப்பு நாள் வரைக்கும் உங்க அக்கவுண்ட் உயிரோட இருக்கணும்."

"இல்லாமப் போனா?"

"போக விட்டுடாதீங்க," என்றாள் செசிலியா.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹெல்கா படத்தை ஃபிரிட்ஜின் மேல் சாய்த்து வைத்துப் போட்டோ எடுத்தாள். போடுவதற்கான பொத்தான் மேல் விரலை வைத்தாள். எடுத்தாள். அறுவைத் தழும்புக்கு விதியில் விலக்கு இருந்தது. அது பரவாயில்லை. மிச்சமிருக்கிற ஒரு மார்புதான் குற்றம். மறுபடி வைத்தாள், எடுத்தாள். எழுந்து தண்ணீர் குடித்தாள். குடித்த கையோடு விறுவிறுவென்று வெள்ளை வண்ணக் குழாயைப் பிதுக்கி, துளி நீலம் சேர்த்துக் குழைத்தாள். காய்ந்திருந்த சில்வியின் மேல், அக்குளிலிருந்து தொடை வரை, மெல்லிசாக ஒரு துண்டு வரைந்தாள். மடிப்புகள் அவ்வளவு இயல்பாக விழுந்தன. அவள் கை ஒரு தடவைகூட நிற்கவில்லை.

சில்வியிடம் காட்டிவிட்டுப் போட வேண்டும். வெள்ளிக்கிழமைதான் பார்க்க முடியும். அதற்குள் செசிலியா கேட்பாள். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று போட்டுவிட்டாள்.

மிஷின் வாயே திறக்கவில்லை. திறக்காதது மட்டுமா, அவளைச் செல்லப்பிள்ளையாக்கிக்கொண்டது. அதுவரை ஒளித்து வைத்திருந்ததை ஊருக்கெல்லாம் காட்டியது. சாயங்காலத்துக்குள் ஆயிரக்கணக்கில் இதயங்கள் குவிந்தன. 'எவ்வளவு கண்ணியம்' என்று எழுதினார்கள். 'என்ன அழகான பாட்டி' என்று எழுதினார்கள். செசிலியா சந்தோஷமாகச் செய்தி அனுப்பினாள். ஹெல்காவுக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. அப்படி இருந்ததற்காக அவளுக்கே தன்னைப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சில்வி வரவில்லை. ஆபரேஷன் சமயம் தவிர அவள் வராத வெள்ளிக்கிழமையை யாரும் பார்த்ததில்லை. ஹெல்கா உடை மாற்றும் அறையில் காலியாக இருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சில்வி எங்க மிர்யா?"

"நீயா கேக்கற?" மிர்யா தலைமுடியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "அவ தங்கச்சி பொண்ணு போன்ல காட்டிட்டா. நானும் பாத்தேன். யாருடி அந்த டூரிஸ்ட்டு? மூஞ்சி மட்டும் நம்ம சில்வி மாதிரியே இருக்கு."

"அக்கவுண்ட் போயிடும் மிர்யா. கண்காட்சியும் போயிடும். எனக்கு... எனக்கு ரொம்ப பயமா இருக்கு."

மிர்யா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். "எனக்கு நீ ஒரு தாடையக் கொறச்சப்போ, அடுப்புல போடுன்னு சொல்ல எனக்கு வாய்ப்புக் குடுத்த," என்றாள் மிர்யா மெதுவாக. "அவகிட்ட நீ காட்டவே இல்லியேடி."

சனிக்கிழமை விடிந்ததும் ஹெல்கா ஒரு பழைய துணியில் டர்பன்டைன் ஊற்றினாள். துண்டு இன்னும் காயவில்லை. தேய்க்கத் தேய்க்க வெள்ளை வழிந்து, அடியில் சில்வி வந்தாள். தழும்பு வந்தது, மார்பு வந்தது, அந்த நேரான பார்வை ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. போட்டோ எடுத்தாள். யோசித்தால் கை வராது என்று யோசிக்காமலே போட்டாள். பிறகு போனை மேசையில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. ஒருவேளை தப்பிவிட்டோமோ என்று நினைத்த சமயத்தில் திரை வெளுத்தது. 'இந்தக் கணக்கு இல்லை.' தன் பெயரைத் தானே தேடினாள். அப்படி ஒருத்தி இல்லை என்றது. கண்ணாடி முன்னால் நின்ற அந்தப் பெண், போர்ச்சுகல்காரி, ஜப்பான்காரி, எல்லோரும் ஒரு நொடியில் போய்விட்டார்கள். அவர்களில் ஒருத்தியின் முகவரிகூட அவளிடம் இல்லை.

படத்தைப் படுக்கை விரிப்பில் சுற்றி டிராமில் ஏற்றிக்கொண்டு சில்வியின் வீட்டுக்குப் போனாள். சில்வி கதவைத் திறந்தாள். ஹெல்கா படத்தைச் சோபாவில் சாய்த்து விரிப்பை விலக்கினாள். சில்வி மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, டயரைச் சோதிக்கிறவள் மாதிரிக் குனிந்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள்.

"இது நான்தான்," என்றாள்.

"தப்பு பண்ணிட்டேன் சில்வி. உன்கிட்ட கேக்காம போட்டுட்டேன். இன்னிக்கு இதப் போட்டேன், அக்கவுண்ட் போயிடுச்சு."

"அடக் கடவுளே. அத்தன பேருமா?" சில்வி நிஜமாகவே வருத்தப்பட்டாள். "உக்காரு, காபி போடறேன்."

காபியும் இலவங்கப்பட்டை பன்னும் வந்தன. சில்வி தங்கை மகளைப் பற்றி, மாடி வீட்டுக்காரன் நாயைப் பற்றி எல்லாம் பேசினாள். ஹெல்கா பல வாரங்களில் முதல் தடவையாக ருசித்துச் சாப்பிட்டாள். போனது போகட்டும், இவள் கிடைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். கிளம்பும்போது, காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தவளிடம் சில்வி கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தத் துண்ட மிஷினுக்குப் பயந்து போட்டியா, இல்ல உனக்கே பாக்க ஒரு மாதிரியா இருந்துச்சா?"

ஹெல்காவின் விரல்கள் முடிச்சில் நின்றன. "மிஷினுக்குத்தான்," என்றாள். ஆனால் அந்தப் பதில் வெளியே வர ஒரு மூச்சு நேரம் பிடித்தது.

"சரி," என்றாள் சில்வி. "அன்னிக்கு என்னப் பாத்து மொகத்தத் திருப்பிக்கிட்டியே, அதான் கேட்டேன்."

செசிலியாவிடமிருந்து இரண்டு வரிச் செய்தி வந்தது. கண்காட்சி தள்ளிப் போகிறது, தேதி பிறகு சொல்கிறோம். ஹெல்கா அதைப் படித்துவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள். அந்தப் பயமெல்லாம் பழசாகிவிட்டிருந்தது. அந்த வாரம் முழுக்க அவள் பயந்தது வெள்ளிக்கிழமைக்குத்தான். சில்வி வருவாளா, மாட்டாளா?

வெள்ளிக்கிழமை அவள் சீக்கிரமே போய் மேல் பலகையில் உட்கார்ந்துகொண்டாள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து ஏறினார்கள். மிர்யா வாளியும் கரண்டியுமாக அடுப்புப் பக்கம் உட்கார்ந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் ஹெல்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். கடைசியில் கதவு திறந்து சில்வி உள்ளே வந்தாள். வந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட வாயெடுத்தவள் அப்படியே நிறுத்தினாள்.

சில்வி வெள்ளைத் துண்டு கட்டியிருந்தாள். அக்குளிலிருந்து தொடை வரை, முனையை நன்றாக உள்ளே செருகி. பேச்சு ஒவ்வொரு பலகையாக அடங்கியது. சில்வி யார் முகத்தையும் பார்க்காமல் படிகளில் ஏறினாள். பெண்கள் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். அவள் ஹெல்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சில்வி," என்றாள் ஹெல்கா. "துண்டு எதுக்கு? கழட்டிடு. நாங்கதானே இருக்கோம்."

"இருக்கட்டும்டி," என்றாள் சில்வி. "குளிருது."

மிர்யா கரண்டி நிறையத் தண்ணீர் மொண்டு கற்களின் மேல் வீசினாள். பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. ஆவி சீறிக்கொண்டு வந்து கூரையில் மோதி எல்லோர் மேலும் இறங்கியது. சூடு தாங்காமல் கீழ்ப் பலகைக்காரி ஒருத்தி எழுந்து வெளியே ஓடினாள். சில்வி துண்டின் முனையை இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.